ட்ரிப் சுவிட்ச் விழுந்துகொண்டே இருந்தால்: மாற்றுவதா, பிரிப்பதா, தேடுவதா?

மாரி தொடங்கினால் வன்னியில் பல வீடுகளில் ட்ரிப் சுவிட்ச்சும் விழத் தொடங்கிவிடும். கரண்ட் எங்காவது எர்த்துக்குக் கசிந்தால் வீட்டுக்கு வரும் கரண்டை வெட்டிவிடுவதுதான் அதன் வேலை. கிளிநொச்சியில் எங்கள் வீட்டில் போன கார்த்திகையில் ஒரே இரவில் மூன்று தரம் விழுந்தது. ஆளுக்கொரு வழி சொன்னார்கள்.

"சுவிட்ச் பழசாப் போச்சு தம்பி, புதுசு போடு" என்றார் பக்கத்து வீட்டு அண்ணை. சில வேளை அதுவும் சரிதான். ஆனால் 30 மில்லி அம்பியர் சுவிட்ச் என்றால் கசிவு 15இற்குக் கீழே இருக்கையில் விழக்கூடாது, 30இல் கட்டாயம் விழவேண்டும். இடையில் எங்கே விழும் என்பது சுவிட்ச்சுக்குச் சுவிட்ச் மாறும். 18இல் விழுவதைக் கழற்றி 26இல் விழுவதைப் பூட்டினால் தொல்லை நிற்கும், கசிவு நிற்காது.

மாமா இன்னும் ஒரு படி மேலே போய், 100 மில்லி அம்பியர் போடச் சொன்னார். அது தீப்பிடிக்காமல் காக்கும், ஆளைக் காக்காது. சுவிட்ச்சையே விட்டுவிட்டு நேரே இணைப்பதோ அதைவிட மோசம். எங்கள் பக்கத்து வீடுகளில் முற்றத்தில் அடித்த எர்த் கம்பிதான் துணை. மோட்டரில் லைவ் வயர் உடம்பைத் தொட்டுவிட்டால் கரண்ட் அதன் வழியாகத்தான் நிலத்துக்குப் போகும். அதன் தடை 20 ஓம் என்று வைத்தாலும் 230 வோல்ட்டுக்கு 11.5 அம்பியர்தான் ஓடும். கரண்ட் அளவுக்கு மிஞ்சினால் மட்டும் வெட்டும் 32 அம்பியர் பிரேக்கர் அசையாது. மோட்டர் உடம்பில் கரண்ட் நிற்கும். ஆவணியில் நிலம் காய்ந்தால் தடை இன்னும் கூடும்.

சுற்றுகளைப் பிரித்து இரண்டு ட்ரிப் போடுவது எனக்குப் பிடித்த வழி. பிரிட்ஜ், கம்பியூட்டர், மோட்டர் எல்லாமே பழுதில்லாமலே கொஞ்சம் கசியும். எல்லாம் சேர்ந்து 15ஐத் தொட்டால் காரணமில்லாமல் விழுவதுபோலத் தெரியும். பிரித்தால் குசினி விழுந்தாலும் விளக்கு எரியும். பாம்பு நடமாடும் இரவில் அது சின்ன விசயமில்லை. செலவு கூட, போர்டில் இடமும் வேண்டும். உண்மையான பழுது இருந்தால் எந்தப் பக்கம் என்று காட்டுமே தவிர, திருத்தாது.

அப்போ தேடத்தான் வேண்டும். பிளக்குகளை எல்லாம் கழற்றி, பிரேக்கர்களை இறக்கி, ட்ரிப்பைத் தூக்கிவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். எதைப் போட்டதும் விழுகிறதோ, பெரும்பாலும் அதில்தான் பழுது.

எங்களுக்கோ எல்லாம் இறக்கியிருந்தும் விழுந்தது. நான் ட்ரிப்பைத்தான் சந்தேகப்பட்டேன். வந்த எலக்ட்ரீசியன் சிரித்தார். சாதாரண பிரேக்கர் லைவ் வயரை மட்டும்தான் வெட்டும். கரண்ட் திரும்பிப் போகும் நியூட்ரல் வயர் இணைப்பிலேயே இருக்கும். அது எங்காவது எர்த்தைத் தொட்டால் ட்ரிப் விழலாம், அதுவும் ஊரெல்லாம் கரண்ட் இழுத்து நியூட்ரலிலும் கொஞ்சம் வோல்ட் ஏறுகிற மாலையில். மெயினை நிறுத்தி, நியூட்ரல் வயர்களைப் பிரித்து, வயரில் கசிவு இருக்கிறதா என்று அளக்கும் மெகர் கருவியை வைத்துப் பார்த்தார். இது நாங்கள் கைவைக்கிற வேலை இல்லை.

கிணற்றடி விளக்குக்குப் போன வயரில் டேப் சுற்றிய மூட்டு ஒன்று, மழைத் தண்ணீரில் ஊறிக் கிடந்தது.