கொள்ளிடக் கரையா, கடைமடைத் திடலா?

கும்பகோணத்தில் வாடகை வீடு. நாய்கள், ஒரு பூனைப் பட்டாளம், மொட்டை மாடியில் வாத்துகள். ஓனர் முகம் சுளிக்கச் சுளிக்க, நிலம் பார்ப்பது வேகம் பிடித்திருக்கிறது. இப்போது கையில் இரண்டு இடங்கள்: கொள்ளிடக் கரையோரப் படுகை, நாகப்பட்டினம் மாவட்டத்தில் தலைஞாயிறு பக்கம் வயல் நடுவே மேடான ஒரு திடல்.

படுகையில் வண்டல் மண், வாழையும் மூங்கிலுமாக நிழல், அதிக ஆழம் போகாமலே நல்ல தண்ணீர். நாய்களுக்குக் கொண்டாட்டம்தான். ஆனால் மேட்டூர் அணை நிரம்பினால் உபரித் தண்ணீர், காவிரி பிரியும் முக்கொம்பிலிருந்து கொள்ளிடத்துக்குத்தான் திரும்பும். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் பார்த்தோமே! நடுராத்திரியில் எத்தனை பூனையைக் கூடையில் அள்ளுவது? பட்டாவா புறம்போக்கா என்று விசாரிக்காமல் அட்வான்ஸும் கொடுக்கக் கூடாது.

திடல் விலை மலிவு. அறுவடை முடிந்த வயலில் வாத்துகளை இறக்கிவிட்டால் சிந்திய நெல், நத்தை, பூச்சி என்று தானே மேய்ந்து வயிற்றை நிரப்பிக்கொள்ளும். தீவனச் செலவு பாதி மிச்சம். பக்கத்து வயலில் மருந்தடித்தால் மட்டும் அடைத்துப்போட வேண்டும். எலி இருக்கும் இடத்தில் நல்லபாம்பும் இருக்கும். எலி மூத்திரம் கலந்த தண்ணீரால் நாய்களுக்கு எலிக்காய்ச்சல் வரும். வருஷா வருஷம் தடுப்பூசி கட்டாயம். கடைமடை என்பதால் ஆற்றுத் தண்ணீர் கடைசியில்தான் வரும், நிலத்தடி நீரில் உப்பு வேறு. கஜா புயல் புரட்டிப்போட்ட பகுதி, கீற்றுக் கொட்டகை தாங்காது.

கரைக்கு வெளிப்புறம் மேடாக ஒரு துண்டு கிடைத்தால் என் ஓட்டு கொள்ளிடத்துக்கே. என் கணவருக்குத் திடல்தான் பிடித்திருக்கிறது, வாத்துகளை உத்தேசித்து.