பார்த்ததும் படிக்கும் சொல் அட்டைகள்: ஒரு வருடப் பயன்பாட்டுக்குப் பின்

ஆங்கிலம் கற்பிப்பவர்கள், அமெரிக்கக் கல்வியாளர் எட்வர்ட் டால்ச் தொகுத்த 220 சொற்களை, பிள்ளை எழுத்துக் கூட்டாமல் பார்த்ததும் படிப்பதற்காக அட்டைகளில் எழுதிக் காட்டுவார்கள். எழுத்து ஒரு மாதிரி, ஒலி வேறு மாதிரி என்று நிற்கும் சொற்கள் அங்கே நிறைய. தமிழில் அந்தத் தொல்லை குறைவு. இங்கே அட்டையின் வேலை வேறு: குழந்தை எழுத்துக் கூட்டிக் கூட்டி வாக்கியத்தின் கடைசிக்கு வருவதற்குள் முதல் சொல் மறந்துவிடுகிறது. ஒரு, இது, நான், என்ன, இல்லை, அங்கே போன்றவை தட்டாமல் வந்துவிட்டால் கவனம் மற்ற சொற்களுக்கு மிஞ்சும்.

அதனால் பெயர்ச்சொற்களைச் சேர்க்க வேண்டாம். 'வீடு' அட்டையில் ஒரு மாதிரி, புத்தகத்தில் 'வீட்டில்' என்று வேறு மாதிரி. படமும் வேண்டாம், படம் இருந்தால் பிள்ளை படத்தைத்தான் படிக்கும்.

தினமும் ஐந்து நிமிடம் போதும். தெரிந்த நான்கு அட்டைகளுக்கு நடுவே புதியது ஒன்று. நாம் ஒருமுறை விரல் வைத்துப் படிக்க, பிள்ளை எழுத்து எழுத்தாகத் தொட்டுச் சொல்லிப் பிறகு சேர்த்துச் சொல்லும். கலைத்துப் போட்ட மூன்றில் எடுக்கச் சொல்லி, கடைசியில் சின்ன வாக்கியத்தில் படிக்கவைக்க வேண்டும். தொட்டுச் சொல்வதை விட்டால் சொல்லின் தோற்றம் மட்டும் பதியும். பிறகு 'என்ன', 'என்று' இரண்டும் ஒன்றாகிவிடும்.

அதிகம் இடறுவது ஜோடிகளில்தான். அவன்-அவள், அது-இது, என்-ஏன். ஒரே வாரத்தில் இரண்டையும் கொடுத்தால் குழப்பம் மாதக்கணக்கில் ஓடும். முதலாவது உறுதியான பிறகே அடுத்தது. 'ஏ'வின் கீழ்க்கோட்டைத் தடித்த பேனாவால் நன்றாகத் தெரியும்படி போடுங்கள். 'எங்கே' இன்னொரு வம்பு. 'ங்' முடிந்ததும் கண்ணில் படுவது இரட்டைக் கொம்பு, அதற்கு அப்புறம்தான் 'க'. இடமிருந்து வலம் போகும் பிள்ளை கொம்பில் நின்றுவிடும். முதல் சில நாள் 'கே' முழுவதையும் ஒரே வண்ணத்தில் எழுதினால் அது ஓர் எழுத்து என்று பிடிபடும். பிறகு கறுப்புக்கு மாற்றிவிட வேண்டும், இல்லையென்றால் வண்ணமே அடையாளமாகிவிடும்.

'இல்லை'யைக் காட்டினால் 'இல்ல' என்று வரும். அது தவறு இல்லை. சொல்லை அடையாளம் கண்டுவிட்டது. அட்டையில் இருப்பதை ஒருமுறை அப்படியே படித்துக் காட்டினால் போதும், திருத்தித் திருத்திப் பேச்சையே அடக்கிவிடக் கூடாது.

அட்டையைப் பற்றி: பளபளக்கும் உறை விளக்கொளியில் எழுத்தை மறைக்கிறது, மங்கல் உறையே நல்லது. சில மாதங்களில் முனை மடங்கும், கறை ஏறும். அப்போது எல்லாம் சரளமாக வருவதுபோல் தோன்றும். அதே சொல்லை வெறும் தாளில் வேறு கையெழுத்தில் எழுதிக் காட்டிப் பாருங்கள். திணறினால், அதுவரை படித்தது கறையைத்தான்.