மடியில் வைத்துக்கொண்டு போகிற கேமிங் கம்ப்யூட்டர்: ஃப்ராக்டல் டெரா, எட்டு மாதம் கழித்து

திங்கள் முதல் சனி மதியம் வரை திருப்பூர், சனி ராத்திரியும் ஞாயிறும் பவானி. ஐந்து வருடமாக என் வாரம் இப்படித்தான் ஓடுகிறது. பனியன் கம்பெனியில் பேட்டர்ன் போடுகிற வேலை. ராத்திரி அறைக்கு வந்தால் ஒரு மணி நேரமாவது கேம் விளையாட வேண்டும், ஊருக்குப் போனால் தம்பியோடு உட்கார்ந்து விளையாட வேண்டும். முன்பு ஒரு கேமிங் லேப்டாப் வைத்திருந்தேன். வாரண்டி முடிந்த நாலாவது மாதம் அதன் போர்டு போய்விட்டது. பிராசஸர், கிராபிக்ஸ் எல்லாம் அந்த ஒரே போர்டில் ஒட்டியிருப்பதால் தனியாக எதையும் மாற்ற வழியில்லை. மொத்தத்தையும் மாற்ற அவர்கள் சொன்ன தொகையைக் கேட்டதும் லேப்டாப்பை அப்படியே பீரோவில் வைத்துப் பூட்டினேன். இனி வாங்குவதில் எது கெட்டாலும் அதை மட்டும் கழற்றி மாற்ற முடிய வேண்டும், பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போகவும் முடிய வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

ஃப்ராக்டல் டிசைன் என்ற ஸ்வீடன் கம்பெனி 2023இல் கொண்டுவந்த டெரா கேபினட்டை, அதாவது கம்ப்யூட்டர் பாகங்களை உள்ளே மாட்டுகிற பெட்டியை, அப்படித்தான் வாங்கினேன். கொள்ளளவு 10.4 லிட்டர். நீளம் 343 மி.மீ., அகலம் 153, அடியில் இருக்கும் கால்களோடு உயரம் 218. வீடு கட்டுகிற இடத்தில் ஆறு இன்ச் ஹாலோ பிளாக் கல் பார்த்திருப்பீர்கள், நீளத்தில் அதைவிடக் கொஞ்சம் குட்டை. பக்கவாட்டுத் தகடுகள் அலுமினியம். முன்பக்கம் அடியில் ஒரு பட்டை வால்நட் மரம், நிஜமான மரம், ரேகை தெரிகிறது. நான் வாங்கியது பச்சை நிறம்.

உள்ளே போட்டது: ரைசன் 5 7600 பிராசஸர், பி650 சிப்செட்டில் ஒரு மினி ஐடிஎக்ஸ் போர்டு, 32 ஜிபி ரேம், ஸோட்டாக் ட்வின் எட்ஜ் ஆர்டிஎக்ஸ் 4070 கிராபிக்ஸ் கார்டு, எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுக்கும் கோர்சேர் எஸ்எஃப்750 எஸ்.எம்.பி.எஸ். மினி ஐடிஎக்ஸ் என்றால் 170க்கு 170 மி.மீ. சதுரம். ரேமுக்கு இரண்டே ஸ்லாட், கார்டுக்கு ஒரே ஸ்லாட். சின்னதாக இருக்கிறது, விலையும் குறையும் என்று நினைத்துவிடாதீர்கள். அதே சிப்செட்டில் பெரிய போர்டை விட இதற்குத்தான் கூடக் கொடுக்க வேண்டும். கோயமுத்தூர் காந்திபுரத்தில் நான் விசாரித்த கடைகளில் ஐடிஎக்ஸ் போர்டு ஸ்டாக்கே இல்லை, ஆர்டர் போட்டுத்தான் வந்தது. எஸ்.எம்.பி.எஸ்.ஸும் வழக்கமான ஏடிஎக்ஸ் அளவு உள்ளே போகாது. எஸ்எஃப்எக்ஸ் என்று கேட்டு வாங்க வேண்டும்.

இந்த கேபினட்டின் உயிர் அதன் நடுவில் நிற்கும் தகடுதான். தகட்டின் ஒரு பக்கம் போர்டு, மறு பக்கம் கிராபிக்ஸ் கார்டு, முதுகோடு முதுகாக நிற்கின்றன. இரண்டையும் இணைப்பது கேபினட்டோடு வரும் ரைசர் கேபிள். பெரிய கேபினட்டில் கார்டு ஸ்லாட்டில் தொங்கிக்கொண்டிருக்கும், பஸ் ஒவ்வொரு வேகத்தடையில் ஏறி இறங்கும்போதும் அந்த எடை ஸ்லாட்டை இழுக்கும். இதில் கார்டு செங்குத்தாக நிற்பதால் அந்தக் கவலை இல்லை. எட்டு மாதமாக வாராவாரம் பெருந்துறை வழியாகப் போய் வருகிறேன், ஒரு தடவை கூடக் கார்டு அசையவில்லை.

அந்தத் தகட்டை இடமும் வலமும் நகர்த்தலாம். இந்த வசதியின் அருமை எனக்கு முதலில் புரியவில்லை. தகட்டை நடுவிலேயே விட்டு, பிராசஸரின் சூட்டை இறக்க தெர்மல்ரைட் கம்பெனியின் 47 மி.மீ. குட்டைக் கூலரைப் போட்டேன். சித்திரை மாதம், பவானி வீட்டில் சுவரில் மாட்டிய தெர்மாமீட்டர் 35 டிகிரி காட்டுகிறது, பிராசஸர் 90ஐத் தொடுகிறது. இந்த ரைசனுக்கு 95 வரை தாங்கும் என்று கம்பெனியே சொல்கிறது, ஆனால் ஃபேன் போடும் சத்தத்தில் அடுத்த அறையில் படுத்திருந்த அம்மா எழுந்து வந்துவிட்டார்.

அப்புறம்தான் ஸ்கேலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கூலர் பக்கம் 48 முதல் 77 மி.மீ. வரை வைக்கலாம், கார்டு பக்கம் 43 முதல் 72 வரை. ஒரு பக்கம் கூடினால் மறு பக்கம் அதே அளவு குறையும், இரண்டையும் கூட்டினால் எப்போதும் 120. என் கார்டின் தடிமன் 40 சொச்சம்தான். அப்படியானால் கூலருக்கு 67 கொடுத்தாலும் கார்டு பக்கம் 53 மிச்சம், கார்டு ஃபேனுக்கும் பக்கவாட்டுத் தகட்டுக்கும் நடுவே ஒரு விரல் அகலத்துக்குக் காற்று போகும். உடனே அதே தெர்மல்ரைட்டின் 67 மி.மீ. உயரக் கூலரை, 120 மி.மீ. ஃபேன் உள்ளதை, வாங்கி மாற்றினேன். அதே அறை, அதே வெயில், அதே கேம், பிராசஸர் 76இல் நின்றது. கார்டு வாங்கும்போது எல்லோரும் நீளத்தைத்தான் பார்க்கிறோம். டெராவில் 322 மி.மீ. வரை போகும், அதனால் நீளம் பிரச்சினையே இல்லை. தடிமனைப் பாருங்கள். கார்டில் மிச்சமாகும் ஒவ்வொரு மில்லிமீட்டரும் கூலருக்குப் போய்ச் சேரும்.

கார்டின் 200 வாட்டையும் முழுசாக விடுவதில்லை, 160க்குக் குறைத்து வைத்திருக்கிறேன். விளையாடும்போது வித்தியாசம் என் கண்ணுக்குத் தெரியவில்லை. நான் விளையாடும் எல்டன் ரிங் கேம் எப்படியும் விநாடிக்கு 60 ஃப்ரேமுக்கு மேல் போகாது, அதற்கு இதுவே தாராளம். பிளக்கில் மீட்டர் மாட்டிப் பார்த்ததில் மொத்தமாக 270 வாட்டுக்குள் ஓடுகிறது. மாதாந்திரப் பராமரிப்பு என்று கரண்ட் போகும்போது, சேவ் செய்து அணைக்கிற நேரத்துக்கு வீட்டு யுபிஎஸ் தாங்குகிறது. 750 வாட் எனக்குத் தேவைக்கு மேல்தான், ஆனால் லோடு குறைவாக இருக்கும்போது இந்த எஸ்.எம்.பி.எஸ். தன் ஃபேனையே நிறுத்திக்கொள்கிறது. ராத்திரி பேட்டர்ன் பைல்களைத் திறந்து வேலை பார்க்கும்போது அந்த அமைதி எனக்குப் பெரிய விஷயம்.

ரைசர் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். போர்டையும் கார்டையும் சேர்க்கும் இணைப்புக்கு பிசிஐஇ என்று பெயர், டெராவோடு வருவது அதில் நாலாம் தலைமுறை கேபிள். என் போர்டு, கார்டு இரண்டும் அதே தலைமுறை, அதனால் ஒட்டியதும் படம் வந்துவிட்டது. என் தோழி பழைய கேபினட்டில் மூன்றாம் தலைமுறை ரைசர் வைத்துக்கொண்டு புதுக் கார்டை மாட்டினாள், திரை கறுப்பு. கார்டு போய்விட்டது என்று அழாத குறை. மானிட்டர் வயரைப் போர்டில் நேராகச் செருகி, போர்டின் அடிப்படை செட்டிங்குகள் இருக்கும் பயாஸுக்குள் போய் ஸ்லாட்டை மூன்றாம் தலைமுறைக்கு மாற்றியதும் சரியானது. பிராசஸருக்குள்ளேயே கிராபிக்ஸ் இருந்தால்தான் இப்படி உள்ளே போய்ப் பார்க்க முடியும். 7600ஐ நான் எடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

இனி குறை. தூசி வடிகட்டி கிடையாது. வேறு ஊரில் எப்படியோ, திருப்பூரில் இது சின்னக் குறை இல்லை. என் அறைக்குக் கீழே நிட்டிங் யூனிட். பஞ்சு காற்றில் மிதந்துகொண்டே இருக்கும், கொடியில் காயும் கறுப்புச் சுடிதார் சாயங்காலத்துக்குள் நரைத்துவிடும். இரண்டு மாதம் கழித்துப் பக்கத் தகட்டைத் திறந்தேன். கூலரின் தகடுகளே தெரியவில்லை. மேலே வெள்ளையாக, விரலால் வழித்தால் ஒரே துணியாக உரிந்து வருகிற அளவுக்குப் பஞ்சு படிந்திருந்தது. காந்தத்தில் ஒட்டும் வடிகட்டி வாங்கி வந்து வைத்தேன், வைத்த வேகத்தில் கீழே விழுந்தது. தகடு அலுமினியம், காந்தம் எப்படி ஒட்டும்? கடைசியில் என் தொழில்தான் கைகொடுத்தது. விளையாட்டு ஜெர்சி தைக்கிற பாலியஸ்டர் மெஷ் துணியில் மூன்று நாலு ரகம் எடுத்து, ஒவ்வொன்றையும் வாயருகில் வைத்து ஊதிப் பார்த்து, காற்று தடங்கல் இல்லாமல் போகிற ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். பேட்டர்ன் போட்டு வெட்டி, தகட்டின் உள்பக்கம் இருபக்க டேப்பில் ஒட்டினேன். சூடு மூன்று டிகிரி ஏறியது. பரவாயில்லை, பஞ்சு வெளியிலேயே நின்றுவிடுகிறது, தகட்டைத் தூக்கித் துணியைத் தட்டினால் போதும்.

இரண்டாவது குறை, கைப்பிடி இல்லை. கையில் வைத்துத் தூக்குவதற்கென்றே வாங்குகிற ஆட்கள் என் போல எத்தனையோ பேர் இருப்பார்கள். மளிகைக்கடைத் தராசில் வைத்துப் பார்த்தோம், ஏழு கிலோ சொச்சம். வழுவழுப்பான அலுமினியத்தை இரு கையாலும் அணைத்துக்கொண்டு பஸ் ஏற முடியாது. பவானி ஜமக்காளம் கெட்டியான நெசவு, 2005இல் புவிசார் குறியீடு வாங்கிய துணி, அதில் ஒன்று வீட்டில் பழையதாகக் கிடந்தது. எங்கள் வீதித் தையல்காரரிடம் கொடுத்து, உள்ளே ஸ்பாஞ்ச் வைத்துப் பை தைக்கச் சொன்னேன். கேபினட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: “ஏனுங் அம்மிணி, கைப்பிடிய வாயில மட்டும் தைச்சா ஒரே மாசத்துல பிஞ்சுக்குமுங். அடியச் சுத்தித் தைக்கோணும், அப்பத்தான் எடை துணி மேல வராது.” அப்படியே தைத்துக் கொடுத்தார். இன்று வரை ஒரு நூல் பிரியவில்லை.

இரண்டு ஊரிலும் தனித்தனியாக மானிட்டர், கீபோர்டு போட்டு வைத்திருக்கிறேன். பையில் கேபினட், பவர் கார்டு, மவுஸ், அவ்வளவுதான். ஒரே இடத்தில் வைத்து விளையாடப் போகிறீர்கள் என்றால் டெரா வேண்டாம். கூலர் மாஸ்டர் கம்பெனியின் என்ஆர்200பி கேபினட் வாங்குங்கள். 18.25 லிட்டர், 155 மி.மீ. வரை உயரமான கூலர் போகும், வடிகட்டியும் கூடவே வருகிறது, முதல் தடவை அசெம்பிள் செய்பவர்களுக்குக் கை நுழைய இடமிருக்கும். எனக்கு டெராவில் வயர்களை மடக்கித் திணிக்கவே இரண்டு சாயங்காலம் ஆனது. போர்டுக்குக் கரண்ட் கொடுக்கும் 24 பின் வயரைக் கடைசியில் விட்டது என் தப்பு, கூலர் மாட்டுவதற்கு முன்னாலேயே அதைச் செருகிவிட வேண்டும்.

போன வாரம் தம்பி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பவானி பஸ் ஸ்டாண்டு வரை வந்தான். “அக்கா, ஒரு வாரம் இங்கயே உட்டுட்டுப் போயேன்” என்றான். அரையாண்டுப் பரீட்சை முடியட்டும் என்று சொல்லியிருக்கிறேன். அதற்குள் மெஷ் துணியை மாற்ற வேண்டும், ஆபீஸில் புது ரோல் வந்திருக்கிறது.