பழைய 5டி மார்க் 3 கேமராவை விற்றுவிடலாமா? ஆர்6 மார்க் 2 வாங்கி எட்டு மாதம் கழித்து

முதலிலேயே உடைத்துச் சொல்லிவிடுகிறேன். போன தை மாதம் பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு கல்யாணம். இரண்டு கேமராவையும் மாட்டிக்கொண்டு எடுத்தேன். ஆல்பம் பிரிண்ட் ஆகி வந்ததும் புரட்டிப் பார்த்தால், பகல் வெளிச்சத்தில் எடுத்த பக்கங்களில் எது கேனான் 5டி மார்க் 3, எது ஆர்6 மார்க் 2 என்று எடுத்தவன் எனக்கே தெரியவில்லை. ஒன்று 2012இல் வந்த டிஎஸ்எல்ஆர் (உள்ளே கண்ணாடி எழும்பி விழுகிற வகை), இன்னொன்று 2022 கடைசியில் வந்த மிரர்லெஸ் (அந்தக் கண்ணாடி இல்லாத வகை), நடுவில் பத்து வருஷம். இரண்டுக்கும் அதே 36க்கு 24 மில்லிமீட்டர் ஃபுல் ஃபிரேம் சென்சார். 22.3 மெகாபிக்சல் எங்கே, 24.2 எங்கே என்று கணக்குப் போட்டால் படத்தின் அகலத்தில் 240 புள்ளி கூடுகிறது, அவ்வளவுதான். "அப்புறம் எதுக்குடா ரெண்டு லட்சத்துக்கு மேல கொட்டுன?" என்று அக்கா கேட்டாள். அவளுக்கு அன்றைக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை, இப்போது சொல்கிறேன்.

நான் வட சென்னை தண்டையார்பேட்டைக்காரன். கல்யாணம், சடங்கு, காது குத்து, இதுதான் சோறு போடுகிற வேலை. ஞாயிற்றுக்கிழமை காசிமேடு, வியாசர்பாடி என்று சுற்றுவது என் சொந்த ஆசைக்கு. 5டி மார்க் 3-ஐ 2017இல் செகண்ட் ஹேண்டில் 85 ஆயிரத்துக்கு வாங்கினேன். அதன் ஷட்டர் ஒன்றரை லட்சம் படம் தாங்கும் என்று கம்பெனி கணக்கு. என்னுடையது அதைத் தாண்டி எவ்வளவோ ஆகிவிட்டது, இன்னும் ஓடுகிறது.

வித்தியாசம் எனக்கு உறைத்தது கேரம் கிளப்பில்தான். செரியன் நகர் கேரம் வீராங்கனை காசிமா 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் ஜெயித்த பிறகு, நம்ம பக்கத்துப் பிள்ளைகள் கேரம் ஆடுவதை வரிசையாகப் படம் எடுக்கலாம் என்று எனக்கு ஒரு கிறுக்கு. சின்ன அறை, போர்டுக்கு மேலே தொங்குகிற ஒரே பல்பு, பவுடர் வாசனை, யாரும் மூச்சு விட மாட்டார்கள். அங்கே 5டியை அமுக்கினால் உள்ளே கண்ணாடி எழும்பி விழுகிற "டடக்" சத்தம், அந்த அறைக்கு அது வேட்டு மாதிரி. சிவப்புக் காயைப் போட குறி பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் ஸ்ட்ரைக்கரை விட்டுக் கையை எடுத்துவிட்டார். "தம்பி, அத்த ஆஃப் பண்ணு, கை ஆடுது." அதில் சைலன்ட் மோட் ஒன்று இருக்கிறது, சத்தம் குறையும், போகாது.

இன்னொரு தொல்லை, 5டியின் ஸ்க்ரீன் அசையாது. காய்கள் நிற்கிற மட்டத்தில் படம் வேண்டுமென்றால் தரையில் முட்டி போட்டு, கழுத்தை ஒடித்து வியூஃபைண்டரில் பார்க்கவேண்டும். லைவ் வியூவில், அதாவது ஸ்க்ரீனைப் பார்த்தே எடுக்கிற மோடில், போடலாமே என்றால், ஃபோகஸ் முன்னே போய், பின்னே வந்து, தேடிக் கண்டுபிடிப்பதற்குள் ஸ்ட்ரைக்கர் பாக்கெட்டுக்குப் போய்விடும். ஆர்6-இல் ஸ்க்ரீனை வெளியே மடக்கித் திருப்பிக்கொண்டு போர்டு ஓரத்தில் கேமராவை வைத்தால் போதும், ஃபோகஸ் விரலால் தொட்ட இடத்தில் நிற்கிறது. எலக்ட்ரானிக் ஷட்டரில் போட்டால் சத்தம் துளியும் இல்லை. அந்தப் பெரியவர் நான் எடுப்பதையே மறந்துவிட்டார்.

ஆனால் வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டால் போர்டு முழுக்கப் பட்டை பட்டையாகக் கறுப்புக் கோடு. வரிக்குதிரை போலக் கிடக்கிறது. நம் வீட்டுக் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதனால் மலிவான எல்இடி பல்பு விநாடிக்கு நூறு தடவை கூடிக் குறைகிறது, நம் கண்ணுக்குத் தெரியாது. எலக்ட்ரானிக் ஷட்டர் படத்தை மேலிருந்து கீழே வரிவரியாகப் படிப்பதால், வெளிச்சம் குறைந்த நேரத்தில் படித்த வரியெல்லாம் இருட்டு. 1/100இல் வைத்தால் கோடு போய்விடும், ஸ்ட்ரைக்கரும் கலங்கி ஒரு இழுப்பாக ஆகிவிடும். கடைசியில் நான் பிடித்த வழி, சத்தமில்லாத மோடை மறந்துவிட்டு, எலக்ட்ரானிக் முதல் திரையும் (தொடக்கம் எலக்ட்ரானிக்கில், முடிவு மட்டும் நிஜத் திரையில்) ஆன்டி ஃபிளிக்கரும் (பல்பு பளிச்சென்று எரிகிற நேரம் பார்த்து அமுக்குகிற வசதி) போட்டு எடுப்பது. மெல்ல ஒரு "டிக்" மட்டும் கேட்கும், அதற்கு யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இந்த ஆன்டி ஃபிளிக்கர் 5டி மார்க் 3-இல் கிடையாது என்பதையும் சொல்லவேண்டும். மண்டபத்தில் சீரியல் செட்டுக்கும் மாப்பிள்ளை பெண்ணுக்குப் பின்னால் எரிகிற எல்இடி சுவருக்கும் நடுவில் வேலை செய்கிறவனுக்கு இதன் அருமை தெரியும்.

சரி, மண்டபத்துக்கு வருவோம். பணம் கொடுப்பது அங்கேதானே.

தாலி கட்டுகிற நேரம் உங்களுக்குத் தெரியும், கெட்டிமேளம் என்று ஒருவர் கத்துவார், அட்சதை பறக்கும், நாலு மாமன்கள் கையைத் தூக்கிக்கொண்டு குறுக்கே வருவார்கள், எல்லோர் கையிலும் போன். 5டியில் 61 ஃபோகஸ் புள்ளி, ஆனால் எல்லாம் நடுவில் கூட்டமாக நிற்கும். பெண் ஓரத்தில் இருந்தால் நடுப்புள்ளியில் பிடித்து, அமுக்கிக்கொண்டே கேமராவை நகர்த்தி எடுப்பதுதான் பழக்கம், எத்தனையோ வருஷமாக அப்படித்தான் எடுத்தோம். 85 எம்எம் லென்ஸை அகலத் திறந்து வைத்து இதைச் செய்தால் பத்துக்கு மூன்று படத்தில் கண் விட்டு மூக்குத்தி ஷார்ப்பாக இருக்கும். என் 85 எம்எம்முக்கு ஃபோகஸ் முன்னால் விழுகிற வியாதி வேறு. டிஎஸ்எல்ஆரில் ஃபோகஸ் பார்க்கிற சென்சார் வேறு, படம் பிடிக்கிற சென்சார் வேறு, இரண்டுக்கும் நடுவில் மயிரிழை விலகினாலும் படத்தில் தெரிந்துவிடும். ஒரு மழை நாள் முழுக்க தினத்தந்தியை மொட்டை மாடி ரூம் சுவரில் ஒட்டிவைத்து, அந்த விலகலைச் சரிசெய்கிற மைக்ரோ அட்ஜஸ்ட்மென்டை ஒவ்வொரு எண்ணாக நகர்த்தி, கடைசியில் பிளஸ் 7இல் நிறுத்தினேன். மிரர்லெஸ்ஸில் படம் பிடிக்கிற சென்சாரே ஃபோகஸும் பார்க்கிறது, அதனால் அந்தக் கூத்து இல்லை. அதே 85 எம்எம்மை, பழைய லென்ஸைப் புது பாடியில் பொருத்துகிற அடாப்டர் போட்டு மாட்டினேன், புது லென்ஸ் வாங்கின மாதிரி இருந்தது.

கண்ணைப் பிடிக்கிற ஃபோகஸ் பற்றி எல்லோரும் ஆகா ஓகோ என்கிறார்கள், முக்கால்வாசி உண்மைதான். நலங்கில் முகம் முழுக்க மஞ்சள் பூசியிருந்தாலும் கண்ணை விடுவதில்லை, ஓரத்தில் இருந்தாலும் பிடிக்கிறது. ஓமப் புகை எழும்பினால் திணறுகிறது. அப்புறம், மாமன் ஒருத்தர் நடுவில் தலை நீட்டினால் "இவரும் மனுஷர்தானே" என்று அவர் கண்ணுக்குத் தாவிவிடும். முதல் இரண்டு கல்யாணத்தில் எனக்கு நிறைய மாமன்கள் ஷார்ப்பாக விழுந்தார்கள். இப்போது பெண்ணைத் தொட்டுப் பூட்டிவைக்க விரல் பழகிவிட்டது.

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் கதை வேறு. விடியற்காலை மூன்று மணிக்கு லாஞ்சு வந்து நிற்கும், ஐஸ் பெட்டி, கூடை, ஏலம், வழுக்கும் தரை. ஆர்6-இன் எலக்ட்ரானிக் வியூஃபைண்டர் இருட்டிலும் வெளிச்சமாகக் காட்டுகிறது, எடுக்கப்போகிற படம் எப்படி வரும் என்று முன்கூட்டியே தெரிகிறது, ஃபோகஸும் அந்த இருட்டில் பிடிக்கிறது, 5டி அங்கே பாதி நேரம் தடவும். பிரச்சினை கேமராவில் இல்லை, என் கண்ணில். அந்தச் சின்ன டிவியைப் பார்த்துவிட்டுக் கண்ணை எடுத்தால் ஒரு நொடி எதுவும் தெரிவதில்லை. அப்படித்தான் ஒரு அக்காவின் சங்கரா கூடையில் காலை வைத்துவிட்டேன். "இன்னா கண்ணு, அதுக்குள்ள பூந்துகினா வழி தெரியுமா? காலு வெச்ச மீன நீயே வாங்கிக்கோ." வாங்கினேன். அரை கிலோ கூடவே கொடுத்தார்.

5டியின் வியூஃபைண்டர் வெறும் கண்ணாடி. இருட்டு இருட்டாகவே தெரியும், வெளிச்சம் வெளிச்சமாக. அதில் கண்ணை வைத்துக்கொண்டு பத்து நிமிஷம் ஏலம் விடுகிறவர் முகத்துக்காகக் காத்திருக்கலாம், பேட்டரி செலவே ஆகாது. கணக்கும் அப்படித்தான் சொல்கிறது, 5டிக்கு ஒரு சார்ஜில் 950 படம், ஆர்6 மார்க் 2-க்கு வியூஃபைண்டரில் சேமிப்பு மோடில் வைத்தாலும் 450. நல்ல வேளை, இரண்டுக்கும் பேட்டரி ஒரே உருவம், என் பழைய எல்பி-ஈ6 எல்லாம் புதியதிலும் ஓடுகிறது, யுஎஸ்பியில் கேமராவுக்குள்ளேயே சார்ஜ் மட்டும் ஏறாது. முன்னெல்லாம் ஒரு கல்யாணத்துக்கு இரண்டு எடுத்துப்போவேன், இப்போது ஐந்து.

உப்புக் காற்றைப் பற்றி ஒரு வார்த்தை. மிரர்லெஸ்ஸில் லென்ஸைக் கழற்றினால் சென்சார் நேராக வெளியே பார்க்கும், துறைமுகத்தில் அது வயிற்றைக் கலக்குகிற காட்சி. ஆர்6 மார்க் 2-இல் அணைத்தால் ஷட்டர் திரை மூடிக்கொள்கிற மாதிரி வைக்க வழி உண்டு. கட்டாயம் அதைப் போட்டு வையுங்கள், ஆனால் திரையில் விரல் படக்கூடாது, ரொம்ப மெல்லிசு. நான் எப்படியும் அங்கே லென்ஸ் மாற்றுவதில்லை.

எடை குறைவு என்று விளம்பரம் சொல்வதை அப்படியே நம்பவேண்டாம். பேட்டரி, கார்டோடு 5டி 950 கிராம், ஆர்6 மார்க் 2 670 கிராம். 280 கிராம் மிச்சம். என்னைப் போலப் பழைய லென்ஸோடு வருகிறவனுக்கு அடாப்டர் 110 கிராம், அப்புறம் கூடுதல் பேட்டரிகள். 70-200 எம்எம்மை மாட்டிவிட்டால் தோள்பட்டைக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. அடாப்டர் என்பது உள்ளே கண்ணாடி எதுவும் இல்லாத வெறும் வளையம்தான், பழைய மவுன்டுக்கு லென்ஸுக்கும் சென்சாருக்கும் 44 மில்லிமீட்டர் தூரம் வேண்டும், புதியதில் 20, மீதி 24-ஐ அந்த வளையம் நிரப்புகிறது. வளையம்தானே என்று நான் முதலில் ஒரு கடையில் பேர் தெரியாத அடாப்டரை வாங்கினேன். ஒரு சடங்கில் மாமன் சீர்த் தட்டு வருகிற நேரத்தில் ஸ்க்ரீனில் எரர் வந்து நின்றுவிட்டது. அன்றைக்கு மானத்தைக் காப்பாற்றியது பையில் இருந்த 5டிதான். மறுநாளே கம்பெனி அடாப்டர் வாங்கினேன், அதன் பிறகு ஒரு தொல்லை இல்லை. இதில் மட்டும் காசு மிச்சம் பிடிக்காதீர்கள்.

வியாசர்பாடியில் ஃபுட்பால் எடுக்கப் போனபோது விநாடிக்கு 40 படத்தையும் பார்த்துவிடலாம் என்று எலக்ட்ரானிக் ஷட்டரில் போட்டேன். பந்து முட்டையாக வந்தது, ஓடுகிற பையனின் கால் ரப்பர் மாதிரி வளைந்திருந்தது. மெக்கானிக்கலில் விநாடிக்கு 12 வருகிறது, 5டி ஆறு. பன்னிரண்டே எனக்கு அதிகம், ராத்திரி உட்கார்ந்து 3,000 படத்தை யார் பொறுக்குவது?

ராத்திரிப் படங்களில் புதியது ஜெயிக்கிறது, அதில் சண்டையே இல்லை. 5டியில் ஐஎஸ்ஓ, அதாவது சென்சார் வெளிச்சத்துக்கு உணர்வு காட்டுகிற எண், 6400க்கு மேல் போக எனக்குக் கை வராது, நிழலைக் கொஞ்சம் தூக்கினாலும் கோடு கோடாக இரைச்சல் வரும். கறுப்புக் கோட்டு போட்ட மாப்பிள்ளையின் ரிசப்ஷன் படத்தில் அது நன்றாகத் தெரியும். ஆர்6-இல் 12800 வரை கூசாமல் போகிறேன், பாடியிலேயே கை நடுக்கத்தைத் தாங்குகிற வசதி இருப்பதால் ஃபிளாஷ் இல்லாமல் கோயில் உள்ளேயும் சமாளிக்க முடிகிறது. வீடியோ பற்றிப் பேசவே வேண்டாம், 5டியில் 4கே-வே கிடையாது. வீடியோவும் சேர்த்துக் கேட்கிற வாடிக்கையாளர் உங்களுக்கு இருந்தால் மேலே நான் எழுதியதைப் படித்திருக்கவே தேவையில்லை, வாங்கிவிடுங்கள்.

மற்றவர்களுக்கு என் யோசனை, கல்யாண வேலை மாதம் நாலாவது வந்தால் மாறலாம், தவறின ஃபோகஸில் போகிற படங்கள் மிச்சமாவதிலேயே பணம் திரும்பிவிடும். ஆசைக்கு எடுப்பவர், கையில் நல்ல 5டி மார்க் 3 இருப்பவர், அந்தக் காசில் ஒரு நல்ல லென்ஸ் வாங்கினால் படம் அதிகமாக மாறும். லென்ஸும் பின்னால் அடாப்டரில் வந்துவிடும், வீணாகாது. புதிதாகப் பழைய 5டியைத் தேடி வாங்குபவர் மட்டும் கார்டை யோசிக்கவேண்டும். ஒரு ஸ்லாட் சிஎஃப், அதாவது பழைய காலத்துத் தடித்த மெமரி கார்டு, போன மாதம் கடையில் கேட்டால் பையன் "என்னண்ணா இது, பிஸ்கட்டா?" என்கிறான். எஸ்டி ஸ்லாட் இருக்கிறது, ஆனால் மெதுவானது.

என் 5டிக்கு ஒரு கடையில் 35 ஆயிரம் தருவதாகச் சொன்னார்கள். கொடுக்க மனசு வரவில்லை, கணக்கும் வரவில்லை, கல்யாணத்தில் இரண்டாவது பாடி எப்படியும் வேண்டும். ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடை, லாஞ்செல்லாம் கரையில் கிடக்கும், வலை பின்னுகிறவர்கள் பகல் வெளிச்சத்தில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார்கள், யாருக்கும் அவசரம் இருக்காது. அந்த 61 நாளுக்கு 5டியும் 50 எம்எம்மும் போதும். ஆர்6 வீட்டில் சார்ஜில் இருக்கட்டும்.