சுவரோடு ஒட்டவா, முன்னுக்கு இழுக்கவா?

கிளிநொச்சியில் எங்கள் வீட்டில் பாட்டுக் கேட்க எனக்கென்று கிடைத்தது 10க்கு 12 அடி அறை. சீமெந்துக் கல் சுவர், மாபிள் தரை, மேலே ஓடு. ஸ்பீக்கர் 5 அங்குல வூஃபர் (கீழ்ச்சுரமான பேஸைத் தருகிற கூம்பு) உள்ள ஒரு சோடி, பேஸுக்கு உதவுகிற காற்றுத் துளை முதுகுப் பக்கம். அலுமாரிக்கு மேல் சுவரோடு ஒட்டி வைப்பதா, ஸ்டாண்டில் முன்னுக்கு இழுத்து வைப்பதா என்று ஆறு மாதம் இழுபறிப்பட்டேன். இப்போது சுவரிலிருந்து 3 அடி தள்ளி நிற்கிறது, இனி மாற்றுகிற எண்ணம் இல்லை.

முக்கோணக் கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். இரண்டுக்கும் இடையில் 5 அடி என்றால் நீங்களும் ஒவ்வொன்றிலிருந்தும் 5 அடியில் இருங்கள், மேல்சுரம் தருகிற சின்ன ட்வீட்டர் காது உயரத்தில் இருக்கட்டும்.

சுவரோடு ஒட்டி வைத்தால் இடம் மிச்சம், வயர் தெரியாது. சின்னப் பெட்டிக்கு இனாமாகப் பேஸும் கிடைக்கும். சுவர் 6 டெசிபெல் வரை கூட்டிக் கொடுக்கும், மூலைக்குத் தள்ளினால் இன்னும் கூடும். முதல் நாள் இரவு அதில்தான் மயங்கினேன். அடுத்த நாள் அளவெட்டித் தெட்சணாமூர்த்தியின் தவிலைப் போட்டேன். தவிலின் கீழ்ச்சுரப் பக்கமான தொப்பியில் விழுகிற அடி ஒவ்வொன்றும் அடுத்த அடியோடு ஒட்டிக்கொண்டு, யாரோ பக்கத்து அறையில் பீப்பாயை உருட்டுகிற மாதிரி இருந்தது.

சரி என்று 2 அடி இழுத்தேன். உருட்டல் போய்விட்டது, ஆனால் பாடுகிற ஆண் குரல் மெலிந்துவிட்டது. இங்கேதான் விஷயம் இருக்கிறது. கீழ்ச்சுரம் பெட்டிக்கு முன்னால் மட்டும் போவதில்லை, பின்னாலும் போய்ச் சுவரில் பட்டுத் திரும்பும். சுவர்த் தூரம் அலை நீளத்தில் கால்வாசியாக அமைகிற சுரத்தில், திரும்பி வருவது நேர் எதிராக வந்து முன்னதைத் தின்றுவிடும். ஒலியின் வேகமான செக்கனுக்கு 343 மீற்றரை, மீற்றருக்கு மாற்றிய சுவர்த் தூரத்தின் நான்கு மடங்கால் வகுத்தால் எந்தச் சுரம் விழுகிறது என்று தெரியும். 2 அடிக்கு அது 140 ஹேர்ட்ஸ், குரலின் நடு மார்பு. 3 அடிக்குச் சுமார் 94. பள்ளம் மறையவில்லை, குரலின் அடிப்பக்கத்துக்கு இறங்கிவிட்டது, அவ்வளவுதான். ஆனால் காதுக்கு அது பெரிய வித்தியாசம். அளக்கும்போது பெட்டியின் முகத்திலிருந்து அளக்க வேண்டும். நான் முதுகிலிருந்து அளந்து ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தேன்.

கதிரையைச் சரியாக நடு அறையில் போடாதீர்கள். 12 அடி நீளத்தில் 47 ஹேர்ட்ஸ் சுரம் நடுவில் கேட்காமல் படுத்துவிடும். என் கதிரை ஸ்பீக்கருக்குப் பின்னால் உள்ள முன்சுவரிலிருந்து ஏழரை அடிக்குக் கொஞ்சம் குறைவு.

இன்னொரு காரணமும் உண்டு, இதை எந்த ஸ்பீக்கர் கையேட்டிலும் எழுதியிருக்க மாட்டார்கள். மாரியில் எங்கள் சுவர் வியர்க்கும், பின்னால் ஒட்டி நிற்கிற எதுவும் பூஞ்சணம் பிடிக்கும். அலுமாரிக்கு மேல் இருந்த காலத்தில் காற்றுத் துளைக்குள் குளவி மண்கூடு கட்டியதும் தெரியவில்லை, ஒரு பக்கம் மட்டும் பேஸ் குறைந்த பிறகுதான் எட்டிப் பார்த்தேன். இப்போது சுற்றி வந்து துடைக்க முடிகிறது.

இடமே இல்லை, சுவரோடுதான் வைக்கலாம் என்பவர்கள் துளைக்குள் பழைய காலுறையைச் சுருட்டி வைத்துப் பாருங்கள், உருட்டல் பாதி அடங்கும். நீளச் சுவர்ப் பக்கம் வைப்பதை நான் இரண்டு பின்னேரம்தான் பார்த்தேன், கதிரை பின்சுவரில் முட்டியதால் விட்டுவிட்டேன். அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆளுயரப் பெட்டிகள் என் அறைக்குள் வந்ததே இல்லை.

அம்மாவுக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. “நடு வீட்டுக்குள்ள கொண்டு வந்து வைச்சிருக்கிறாய், ஆரும் தடக்கி விழப் போகினம்” என்று கூட்டும்போதெல்லாம் பின்னுக்குத் தள்ளிவிடுவார். அதனால் ஸ்டாண்டின் நாலு மூலைக்கும் தரையில் வெள்ளை ரேப் ஒட்டியிருக்கிறேன். அவர் தள்ளுவார், நான் ரேப்பைப் பார்த்துத் திரும்ப இழுப்பேன்.