டெக்கலா, நேரடி ஸ்ப்ரேயா? எரிபொருள் கலச் சவ்வுக்கு எது தோது

சவ்வு வகை எரிபொருள் கலத்தின் உயிர்நாடி, நேஃபியான் எனும் புரோட்டான் கடத்தும் பாலிமர் சவ்வின் இருபுறமும் ஒட்டியிருக்கும் பிளாட்டினம்-கார்பன் வினையூக்கிப் பூச்சு. அதை எப்படி ஏற்றுவது என்பதில்தான் எல்லோருக்கும் குழப்பம். எங்கள் ஆய்வகத்தில் டெக்கலுக்கு, அதாவது வேறொரு தாளில் பூசிச் சவ்வுக்கு மாற்றும் முறைக்கு, மாறிவிட்டோம்.

கார்பன் பேப்பரில் (வாயு புகும் கார்பன் இழைத் தாள்) வினையூக்கித் தூள் கலந்த மையைப் பூசிச் சவ்வோடு அழுத்துவது இருப்பதிலேயே சுலபம். ஆனால் மை பேப்பரின் துளைகளுக்குள் இறங்கி, பிளாட்டினத்தில் ஒரு பகுதி வீணாகும். கை பழகச் சரி.

உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும்தான். ஸ்ப்ரேயில் மை நேராகச் சவ்வின் மேலேயே விழுகிறது. ஆல்கஹால் பட்டால் சவ்வு உப்பிச் சுருங்கும் என்பதால், சுமார் 80 டிகிரி சூட்டில் வெற்றிடத் தட்டில் பிடித்துவைத்து மெல்ல மெல்ல ஏற்ற வேண்டும். டெக்கலில் மை டெஃப்லான் தாளில் காய்ந்து, பிறகு 130 டிகிரி ஹாட் பிரஸ்ஸில் சவ்வுக்கு இடம் மாறுகிறது. ஈர மை சவ்வைத் தொடுவதே இல்லை. லாஸ் அலாமோஸ் ஆய்வகம் 1990களின் தொடக்கத்தில் வளர்த்தெடுத்த முறை இது.

என்னை டெக்கல் பக்கம் இழுத்தது எடைக் கணக்கு. 25 சதுர செ.மீ. கலத்தில், சதுர செ.மீ.க்கு 0.4 மி.கி. வீதம் ஒரு பக்கத்துக்கு 10 மி.கி. பிளாட்டினம். கார்பன், அயனோமர் (மையில் கலக்கும் அயனி கடத்தும் பாலிமர்) எல்லாம் சேர்த்தாலும் பூச்சு சில பத்து மி.கி.தான். 10 செ.மீ. நீள அகலமுள்ள நேஃபியான் 212 துண்டோ சுமார் 1 கிராம்; சாதாரண அறை ஈரப்பதத்திலேயே 5 சதவீதம், அதாவது 50 மி.கி. தண்ணீரைப் பிடித்திருக்கும். ஸ்ப்ரே செய்த சவ்வைச் சூடான தட்டிலிருந்து எடுத்துத் தராசில் வைத்தால், சென்னைக் காற்றில் எண் கண்ணெதிரே ஏறிக்கொண்டே போகும். இதில் பூச்சு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று எப்படிப் பிரிப்பது? சவ்வுக்குப் பக்கத்தில் அலுமினியத் தாள் ஒட்டி, அதன்மேலும் ஸ்ப்ரே செய்து அதை எடைபோடுவார்கள், அதுவும் உத்தேசம்தான். டெஃப்லான் தண்ணீர் குடிக்காது. பூசுமுன், காய்ந்தபின், உரித்தபின் என்று ஒரே தாளை மூன்று முறை எடைபோட்டால், சவ்வுக்குப் போனது எவ்வளவு என்று கைமேல் கணக்கு. ஒரு கிராம் பிளாட்டினத்துக்கு இவ்வளவு மின்னோட்டம் என்று சொல்வதே நம் வேலை எனும்போது, இதில் கோட்டை விட முடியாது.

டெக்கலிலும் தொல்லை உண்டு. உரித்த தாளில் கருப்புத் திட்டுகள் நின்றுவிட்டால் அந்தத் துண்டு போனதுதான். கண்ணாடியிழை நெய்த டெஃப்லான் தாள் என்றால் நெசவுத் தடம் பூச்சில் பதியும். வழவழப்பான தாளே வாங்குங்கள். ஆறிய பிறகு உரியுங்கள்.

சதுர செ.மீ.க்கு 0.1 மி.கி. பிளாட்டினத்துக்கும் கீழே மெல்லிய பூச்சு வேண்டுமென்றால் ஸ்ப்ரேயைத்தான் சொல்வேன். 15 மைக்ரான் வலுவூட்டிய சவ்வுகளில் எனக்கு டெக்கல் அனுபவம் குறைவு. அங்கே என் பேச்சை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எந்த முறையானாலும், மை கலக்கும்போது வினையூக்கித் தூளை முதலில் தண்ணீரில் நன்றாக நனைத்துவிட்டு, அப்புறம் ஆல்கஹால் சேருங்கள். உலர்ந்த தூளில் ஆல்கஹால் பட்டால் தீப்பிடிக்கலாம்.