மெட்ச் இல்லாத நாளில் ரேஸ்கோர்ஸ்

கொழும்பு ரேஸ்கோர்ஸ் கடைத்தொகுதி எப்படி, போகலாமா என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே பதிலைச் சொல்லிவிடுகிறேன். கட்டடத்துக்காகப் போங்கள், மைதானத்துக்காகப் போங்கள், பின்னேரத்தில் மேல்படியில் இருந்தால் அடிக்கும் காற்றுக்காகவும் போங்கள். சாமான் வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் பம்பலப்பிட்டியும் வெள்ளவத்தையும் போதும், காசும் மிஞ்சும். ஆனால் விலை மட்டும் இங்கே என் கவலை இல்லை. ஒரு விளையாட்டு மைதானத்தைச் சுற்றிக் கடை, கோப்பி, கார் நிறுத்த இடம் என்று கட்டியெழுப்பிய பிறகு அந்த இடம் யாருடையதாகிறது? ரேஸ்கோர்ஸை நான் அந்தக் கேள்வியோடுதான் சுற்றிப் பார்த்தேன்.

கேள்வியைக் கிளப்பிவிட்டவன் சித்தப்பாவின் மகன். கனடாவில், ரொறொன்ரோவின் ஸ்காபுறோவில் வளர்ந்தவன், ஐஸ் ஹொக்கிப் பைத்தியம், ரொறொன்ரோ மேப்பிள் லீவ்ஸ் என்றால் உயிர். 1967க்குப் பிறகு ஸ்டான்லி கிண்ணத்தைத் தொடாத அணி அது, ஆனாலும் ஒரு சொல் விட்டுக்கொடுக்க மாட்டான். விடுமுறைக்கு வந்தவனுக்குக் கொழும்பைச் சுற்றிக் காட்டும்போது இங்கேயும் கூட்டிப்போனேன். உள்ளே நுழைந்ததும் அண்ணாந்து கூரையைப் பார்த்துவிட்டு, "அண்ணா, இது எங்கட கார்டன்ஸ் மாதிரியெல்லோ இருக்கு" என்றான்.

அவன் சொன்னது மேப்பிள் லீவ் கார்டன்ஸ் என்ற பழைய ஹொக்கி அரங்கை. 1931 இலிருந்து 1999 பெப்ரவரி வரைக்கும் லீவ்ஸின் வீடு அதுதான். அணி புது அரங்குக்குப் போன பிறகு பழைய கட்டடத்தை லொப்ளோஸ் என்ற பலசரக்குக் கம்பனி வாங்கி, 2011 இல் கீழ்த்தளத்தில் கடையைத் திறந்தது. மேலே பல்கலைக்கழகத்தின் விளையாட்டுக்கூடம், அங்கே இன்றைக்கும் பனித்தளம் இருக்கிறது, பழைய கூரைக்குக் கீழேயே பிள்ளைகள் சறுக்குகிறார்கள். கடைக்குள் சாமான் தட்டுகளுக்கு நடுவே தரையில் ஒரு சிவப்பு வட்டம் போட்டிருக்கிறார்களாம், ஒரு காலத்தில் ஆட்டம் தொடங்கப் பந்தை, அதாவது அந்தக் கறுப்பு வட்டை, போட்ட நடுப்புள்ளி அது. அரிசி வாங்க வருகிறவனும் அதன்மேல் ஒரு கணம் நின்றுவிட்டுத்தான் போவான். பழைய கதிரைகளைக் கழற்றி மேப்பிள் இலை வடிவத்தில் சுவரில் பொருத்தியும் இருக்கிறார்கள். இதை அவன் சொல்லச் சொல்ல எனக்கு ஆசையாக இருந்தது, ஏனென்றால் ரேஸ்கோர்ஸில் கதைக்குப் பஞ்சமே இல்லை, சொல்லத்தான் ஆளில்லை.

1893 இல் குதிரைப் பந்தயத்துக்காகத் திறந்த இடம் இது. இரண்டாம் உலகப் போரில் பந்தயத் திடலை விமான ஓடுபாதையாக்கினார்கள். 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு, ஜப்பான் விமானங்கள் கொழும்புத் துறைமுகத்தைத் தாக்க வந்தபோது எதிர்த்துப் போன ஹரிகேன் விமானங்களில் ஒரு பகுதி இந்த மண்ணிலிருந்துதான் எழும்பியது. பிறகு பந்தயம் நின்றுபோனது, பார்வையாளர் மண்டபம் கவனிப்பாரற்றுக் கிடந்தது. உள்நாட்டு யுத்தம் முடிந்து, 2010 இல் நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் போன பிறகுதான் இதைத் திருத்தி, மண்டபத்தின் கீழே கடைகள், முன்னால் ரக்பி மைதானம் என்று இப்போதைய உருவத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

திருத்திய வேலையை நான் மனதாரப் பாராட்டுவேன். இடித்துவிட்டுக் கண்ணாடிக் கோபுரம் கட்டியிருக்கலாம், கொழும்பில் அது ஒன்றும் புதினமில்லை. அப்படிச் செய்யாமல் பழைய மண்டபத்தின் உடம்பை வைத்துக்கொண்டது பெரிய விஷயம். கீழே கடைகளுக்கு முன்னால் நீளமான நடைபாதை, வெயில் உள்ளே எட்டிப் பார்க்காது, நடு மத்தியானத்திலும் ஆறுதலாக நடக்கலாம். மேலே இருக்கைப் படிகள் அப்படியே இருக்கின்றன. மேல்படியில் போய் இருந்தால் முன்னால் முழுப் பச்சை, அதற்கங்கால் மரங்கள், மரங்களுக்கு மேலே கொழும்பின் புதிய கட்டடங்கள். பயிற்சிக்கு வரும் பெடியள் கத்துவது மட்டும் கேட்கும், றோட்டுச் சத்தம் அவ்வளவாக வராது. கறுவாத்தோட்டத்தின் நடுவில் இப்படி ஒரு இடம் காசில்லாமல் கிடைப்பதே பாக்கியம்.

கடைகள் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். உடுப்பு, சப்பாத்து, கோப்பி, சாப்பாடு, எல்லாம் இருக்கிறது, எல்லாம் நல்ல தரம், எல்லாம் விலை. நாங்கள் இருந்த கடையில் பால்கோப்பி ஒன்று ஆயிரம் ரூபாயைத் தொட்டது. கோப்பி நல்ல கோப்பிதான், பரிமாறின பிள்ளையும் சிரித்த முகம், குறை சொல்ல ஒன்றுமில்லை. மலசலகூடம் சுத்தம். வாகனம் நிறுத்தத் தாராளமான இடம், ஏறக்குறைய தேவைக்கு மேலேயே தாராளம். பஸ்ஸில் வருகிறவர்கள் தும்முல்லைச் சந்தியில் இறங்கி நடக்கலாம், பெரிய தூரமில்லை.

என் மனதைக் குத்தியது வேறொன்று. ரேஸ்கோர்ஸுக்குப் பக்கத்திலேயே, பிலிப் குணவர்தன மாவத்தையில் (இன்னும் எல்லோரும் ரீட் அவென்யூ என்றுதான் சொல்கிறோம்) ஹொக்கி விளையாடும் செயற்கைப் புல் மைதானம் இருக்கிறது. தேசிய மட்ட ஆட்டங்களும் பாடசாலை ஆட்டங்களும் நடக்கும் இடம். நாங்கள் கோப்பி குடித்துக்கொண்டிருந்தபோது பயிற்சி முடிந்த பெண்பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் மட்டைப் பைகளைத் தோளில் மாட்டிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தார்கள். சப்பாத்து முழுக்க ஈரம், முகமெல்லாம் சிவந்துபோய், பகிடி விட்டுக்கொண்டு ஒரு கடையின் முன்படியில் இருந்து தண்ணீர்ப் போத்தலை மாற்றி மாற்றிக் குடித்தார்கள். ஐந்து நிமிடம்கூட ஆகியிராது. கடைக் காவலாளி வந்து, "நங்கி, இங்க இருக்கேலாது" என்று எழுப்பிவிட்டார். மரியாதையாகத்தான் சொன்னார், மேலிடத்தில் சொன்னதைச் செய்கிறார், அவர்மேல் எனக்குக் கோபமில்லை. பிள்ளைகள் ஒன்றும் பேசாமல் எழும்பிப் போனார்கள். ஒருத்தி மட்டும் கண்ணாடிக்கு அங்கால் இருந்த கேக்கைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

விளையாட்டு இருக்கிறபடியால்தான் இந்த இடத்துக்கே ஒரு பெயர். விளையாடுகிற பிள்ளைக்கு அங்கே இருக்க ஒரு வாங்கு இல்லை, ஐம்பது அறுபது ரூபாய்க்கு ஒரு பிளேன்டீ, ஒரு பணிஸ் வாங்க வழியில்லை. இதைத்தான் நான் குறை என்கிறேன்.

தம்பியிடம் கேட்டேன், உங்கள் ஊரில் எப்படி என்று. அவன் நல்லதும் கெட்டதும் சொன்னான், பிறகு நானும் தேடி வாசித்தேன். எல்லைக்கு அங்கால், அமெரிக்காவின் டெட்ரொயிட்டில் ரெட் விங்ஸ் ஹொக்கி அணிக்கு 2017 இல் லிட்டில் சீசர்ஸ் அரீனாவைத் திறந்தார்கள். செலவு கிட்டத்தட்ட 86 கோடி டொலர், அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் பொதுமக்களின் பணம். அரங்கைச் சுற்றி ஐம்பது தெருக்கட்டங்களில் வீடு, கடை, அலுவலகம் என்று ஐந்து புது வட்டாரங்கள் வரும் என்பது வாக்குறுதி. அரங்கு வந்தது. மற்றதில் பெரும்பகுதி வருடக்கணக்காக வாகனத் தரிப்பிடமாகவே கிடந்தது. பார்க் அவென்யூ ஹோட்டல் என்ற பழைய கட்டடத்தையும் 2015 இல் வெடி வைத்துத் தகர்த்தார்கள், அரங்குக்குச் சாமான் இறக்கும் இடத்துக்காக. ரேஸ்கோர்ஸின் அந்தப் பெரிய கார் நிறுத்தத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இப்போது டெட்ரொயிட்தான் ஞாபகம் வருகிறது, சனிக்கிழமைகளில் குட் மார்க்கெட் கூடும்போது அதே வெறுந்தரை எவ்வளவு உயிராகிவிடுகிறது என்பதும் கூடவே வருகிறது. மரக்கறி, வீட்டுத் தின்பண்டம், கைவேலைச் சாமான் என்று சின்ன ஆட்கள் மேசை போடுவார்கள், பேரம் நடக்கும், பிள்ளைகள் ஓடித் திரிவார்கள். அந்த உயிர் கிழமையில் ஒரு நாளோடு நிற்கத் தேவையில்லை.

கனடாவின் எட்மன்டன் கதை வேறு. அந்த ஊர் ஹொக்கி அணி ஒயிலர்ஸுக்கு ரோஜர்ஸ் பிளேஸ் 2016 இல் திறந்தது, சுற்றவும் ஐஸ் டிஸ்ட்ரிக்ட் என்று கோபுரங்கள், ஒரு சதுக்கம். அரங்கு மாநகரத்துக்குச் சொந்தம். காசு திரட்டிய விதத்தைக் கவனியுங்கள்: அந்த வட்டாரத்தில் இனிமேல் கட்டடம் எழும்பிச் சொத்து வரி கூடும், அந்தக் கூடுதலைக் காட்டி இப்போதே கடன் எடுப்போம் என்றார்கள். நினைத்தபடி கட்டடம் எழும்பினால் சரி, எழும்பாவிட்டால் அந்தப் பாரம் ஊர்ச் சனத்தின் தலையில். அணி விட்டுவிட்டு வந்த பழைய அரங்கு 1974 இல் திறந்தது, 2018 இல் பூட்டப்பட்டு வெறுமனே நின்றது. ஒரு மூலையைச் சோடிக்கும்போது இன்னொரு மூலை இருண்டுபோவது எங்கேயும் நடக்கிறது.

தம்பி பெருமையாகச் சொன்னது ரொறொன்ரோவின் புது அரங்கின் வாசலைப் பற்றி. டிக்கெட் விலை அவனுக்கே கட்டாது, உள்ளே போய்ப் பார்ப்பது அருமை. ஆனால் முக்கிய ஆட்டங்களுக்கு வெளியே சதுக்கத்தில் பெரிய திரை போடுவார்கள், ஆயிரக்கணக்கில் சனம் குளிரில் நின்று பார்க்கும். 2019 இல் அதே அரங்கில் ஆடும் கூடைப்பந்து அணி ராப்டர்ஸ் கிண்ணம் எடுத்தபோது, எங்கள் தமிழ்ப் பெடியளும் அந்தச் சதுக்கத்தில்தான் தொண்டை கட்டும்வரை கத்தினார்களாம். "உள்ள போகாட்டிலும் நாங்களும் அங்க நிண்டனாங்கள் அண்ணா" என்றான். பக்கத்திலேயே ரயில் நிலையம், காரில்லாதவனும் வந்து போகலாம்.

எங்களிடம் இதற்கு உதாரணமே இல்லை என்று நினைக்காதீர்கள். கெத்தாராமையில் பிரேமதாச மைதானம், 1986 இல் திறந்தது. ஒருநாள் ஆட்டம் என்றால் மாளிகாவத்தைப் பக்கம் போய்ப் பாருங்கள். கடலைக்காரர், மிளகாய்த்தூள் தூவிய அன்னாசி, கொடி விற்கிற பிள்ளைகள், முகத்தில் சிங்கம் வரைகிற ஆள், பப்பரே வாத்தியம். அந்த வட்டாரத்துச் சனம் மெட்ச் நாளில் நாலு காசு பார்க்கிறது. அங்கே கோப்பி ஆயிரம் ரூபாய்க்கு விற்கும் கடை இல்லை, ஆனால் வந்தவன் எவனும் பசியோடு திரும்பமாட்டான். ரேஸ்கோர்ஸுக்குக் கெத்தாராமையிடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

இன்னொன்றும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. கொழும்பை அழகாக்கும் அதே காலத்தில், 2010 மே மாதம், கொம்பனித்தெருவில் மியூஸ் வீதி வீடுகளை இடித்தார்கள். தமிழ் பேசும் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இருந்த வட்டாரம் அது. ரேஸ்கோர்ஸுக்காக யாருடைய வீடும் போனதாக நான் சொல்லவில்லை, ஆனால் நகரத்தைத் திருத்துகிறோம் என்று கேட்கும்போது எங்கள் ஆட்களுக்கு வயிற்றில் ஏன் ஒரு பயம் வருகிறது என்பது இதை அறிந்தவர்களுக்கு விளங்கும். அதனால்தான் பொதுக் காணியில் எழுந்த இடத்தில் பொதுச்சனத்துக்கு இருக்க இடம் கேட்பது எனக்குச் சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

சரி, போகிறவர்களுக்கு. சனிக்கிழமை போனால் குட் மார்க்கெட்டையும் பார்த்துவிட்டு வரலாம், கையில் பை கொண்டுபோங்கள். கிழமை நாளென்றால் பின்னேரம் நாலரைக்குப் பிறகு போங்கள், ரக்பிப் பயிற்சி நடந்தால் மேல்படியில் இருந்து பாருங்கள். வயதானவர்களைக் கூட்டிப்போனால் கீழே நடைபாதையிலேயே நடக்க விடுங்கள், படிகள் உயரம். பிள்ளைகளைச் சுதந்திர சதுக்கப் பக்கம் நடத்திக்கொண்டு போகலாம், அங்கே ஓட நல்ல இடம். சாப்பாட்டை வெள்ளவத்தைக்குத் திரும்பி வந்து வைத்துக்கொள்ளுங்கள். ஹொக்கி மைதானத்தில் ஆட்டம் இருந்தால் கட்டாயம் எட்டிப் பாருங்கள், அந்தப் பிள்ளைகளின் வேகத்தைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்.

நிர்வாகத்தில் யாராவது வாசித்தால்: கார் நிறுத்தத்தில் பத்துக் கார் இடத்தை எடுங்கள். மரம் நடுங்கள், கீழே வாங்குகள் போடுங்கள், ஒரு குடிதண்ணீர்க் குழாய், ஒரு சின்னத் தேத்தண்ணிக் கடை. ஓடுபாதை எந்தப் பக்கமாக ஓடியது, குதிரைகள் எங்கே ஓடி முடித்தன என்று தரையில் கோடு போட்டு, மூன்று மொழியிலும் எழுதுங்கள். இலங்கை அணி விளையாடும் நாளில் ஒரு திரை கட்டுங்கள். ஐந்துக்கு மூன்று புள்ளி கொடுக்கிறேன், மூன்றும் கட்டடத்துக்கும் மைதானத்துக்கும். மிச்ச இரண்டும் அந்த வாங்குகள் வந்த பிறகு.